ஆளில்லாத வீட்டுக்கு வாசல் கோலம்

ஆளில்லாத வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. உங்கள் தெருவிலும் இப்படி ஒரு சாவிக்கொத்து யார் தலையிலாவது விழுந்திருக்கும். அவருக்கு நான் விளக்கவே வேண்டாம். கல்கத்தா ஆபீஸை விட்டுவிட்டுக் கரமனைக்குத் திரும்பிய வாரமே அது என்னிடம் வந்தது. பிள்ளைகள் பம்பாய், டில்லி என்று போய்விட, எங்கள் அக்கிரகாரத்தில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக் கிடந்தன. மிச்சமிருந்தவர்கள் கூடி, அவற்றைத் தெருவே பழுதுபார்த்துக் குடிவைப்பது என்று தீர்மானித்தார்கள். "சும்மாதானே இருக்கே" என்று எனக்குச் செக்ரட்டரி பதவி.

சுவர்

எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். ஒரு வீட்டில் ஓடு நகர்ந்தால் பக்கத்து வீட்டு அடுக்களை நனையும். நடு வீடு என்று நாங்கள் சொல்லும் வீடு வெகுநாளாகப் பூட்டிக் கிடந்தது. அதை ஒட்டி ருக்மிணி மாமியும் மாமாவும். மாமாவுக்குச் சர்க்கரை; தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவார்.

நடு வீட்டுக்காரர் ஜாம்ஷெட்பூரில் இருந்தார். சாலை பஜாரில் ஓர் அரிசி வியாபாரி, அதை வாங்கி இடித்துக் குடோன் கட்டக் கேட்டிருந்தார். இடித்தால் மாமி வீட்டுச் சுவரும் கூடவே போகும். நாங்கள் கெஞ்சிக் கேட்டதில், தை பிறப்பதற்குள் யாராவது குடிவந்தால் விற்கவில்லை என்றார் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்களே கூரையேறி ஓடு மாற்றினோம். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மாமி என்னிடம் சொன்னார்: "ஒழுகறது என் அடுக்களேல. காரணக்காரன் ஜாம்ஷெட்பூர்ல. நான் யாரோட சண்டை போடறது மணி, நீயே சொல்லு!"

வாசல்

வாசல் வெறிச்சென்று கிடக்கக் கூடாது என்பது தெருவின் வழக்கம். அதனால் பெண்கள் முறை வைத்து நடு வீட்டு வாசலிலும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள். வெளியே பூட்டுத் தொங்கினால் திருடன் வருவான் என்று நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பின்பக்கமாக வெளியே வருவேன். எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

கார்த்திகையும் வந்துவிட்டது, வீடு கேட்டு ஒருவர்கூட வரவில்லை. மாமி என்னைப் பார்க்கும்போதெல்லாம், வாயால் கேட்காமல், சுவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல், ஆள் அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்த சாலை பஜார் புரோக்கரிடம் போய்க் கத்தினேன். அவர் என்னைவிடப் பெரிதாகக் கத்தினார்: "சாரே, நான் அனுப்பின ஆளெல்லாம் வாசல்ல கோலத்தைக் கண்டிட்டு, ஆள் உண்டுன்னு திரும்பிப் போகுது. வீடு காலிதானா, அல்ல விளையாட்டா?"

குடி

அப்படித் திரும்பிப் போனவர்களில் ஒருத்தி ஞானம்மா. மார்த்தாண்டத்துக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷனுக்குச் சாலை பஜாரில் ஒரு இரும்புக் கடையில் வேலை. புரோக்கர் சொல்லி மறுபடியும் இருவரும் வந்தார்கள். தெரு முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது. நம்மவர் அல்லாத ஒரு குடும்பம் இந்த வரிசையில் அதுவரை அடுப்பு மூட்டியதில்லை. "மாமிக்குப் பக்கத்து வீடு, மாமியே சொல்லட்டும்" என்று எல்லாரும் லகுவாக நழுவிக்கொண்டார்கள். நானும்தான்.

மாமி நேராகக் கேட்டார்: "மீன் வைப்பியோ?"

ஞானம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். "வைப்போம் மாமி. பின்னால கொல்லையில வச்சு வைக்கலாம். வைக்க மாட்டோம்னு பொய் சொல்லிட்டு உள்ள வந்தா, பிறகு தெனமும்லா பயந்துட்டு இருக்கணும்?"

நான் ஜாம்ஷெட்பூரை நினைத்தேன், தையை நினைத்தேன். கல்கத்தாவில் நான் முதல்முதலாக வாடகைக்கு எடுத்த வீடும் நினைவுக்கு வந்தது. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் மீன்; எங்கள் வீட்டுப் பெருங்காய வாசனையைத்தான் அவர்கள் சகித்துக்கொண்டார்கள். அதைச் சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் மாமி என் பக்கம் கையை நீட்டிவிட்டார்: "குடோன் வந்தா மூட்டைதானே பக்கத்துல இருக்கும்? ராத்திரி மாமாக்கு மயக்கம் வந்து நான் கூப்பிட்டா, மூட்டை 'என்ன மாமி'ன்னு கேக்குமோ? சாவியைக் குடுடா."

மறுநாள்

பால் காய்ச்சிய மறுநாள் காலை. ராத்திரி டியூட்டி முடிந்து வந்த ஞானம்மா, வீட்டுக்குள் போகாமல் தெருவிலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். கைப்பழக்கத்தில் மாமி அன்றைக்கும் நடு வீட்டு வாசலை அடைத்து ஒரு பெரிய கோலம் போட்டிருந்தார். காலை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சொம்பும் கையுமாக மாமி எட்டிப் பார்த்தார். "இத்தனை நாள் மிதிக்க ஆளில்லாமத்தானே கெடந்தது? மிதிச்சுண்டு போய்த் தூங்கு. எழுந்தப்புறம் மாமாக்கு ஊசி போடணும்."

தை பிறந்தது, வியாபாரி வேறு இடம் பார்த்துக்கொண்டார், சுவர் காய்ந்தது. சாவிக்கொத்து இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்றாலும், அடுத்த பூட்டின வீட்டுக்கு ஆள் தேடும் வேலையை மாமியே எடுத்துக்கொண்டு, பல் டாக்டர் யாராவது கிடைப்பாரா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.