அவள் என் பெயரைச் சொன்ன நாட்கள்

மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் என் மனைவி சீதா முதலில் சொன்னது என் பெயரைத்தான். கேட்கிறவர்களுக்கு இது நல்ல செய்தியாகப் படும். எனக்குப் பயத்தைத்தான் தந்தது.

காரணம் சொல்கிறேன். நாங்கள் திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் அக்ரகாரத்தில் இருப்பவர்கள். எங்கள் பழைய வழக்கப்படி மனைவி கணவன் பெயரைச் சொல்லமாட்டாள். சீதா கணிதம் படித்தவள்தான். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து ‘நீலகண்டன்’ என்ற சொல் அவள் வாயில் வந்ததில்லை. பாங்கில் கணவர் பெயர் கேட்டால் என்னை முழங்கையால் இடிப்பாள். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் ஆதார் அட்டையை நீட்டுவாள். நான் செய்யாத கேலி இல்லை. அவள் அசைந்ததும் இல்லை.

போன வருஷம் கர்க்கடக மாசத்து மழையில், நம் கணக்கில் ஆடியில், கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. நான் சுகாதாரத் துறை அலுவலகத்தில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவன். ஆஸ்பத்திரி நடைமுறைகளில் எனக்குத் தெரியாதது இல்லை என்ற எண்ணம் அன்றுவரை இருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஓர் இளம்பெண். சிரித்துக்கொண்டே, “அங்கிள் டாக்டராணோ?” என்றாள்.

“இல்லம்மா. டாக்டர்களுக்கெல்லாம் லீவ் சாங்ஷன் பண்ணினவன்.”

“அப்போ கூடுதல் பேடிக்கணும்” என்றாள். இன்னும் அதிகமாகப் பயப்பட வேண்டுமாம்.

சீதா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவள். அதனால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்ய முடியாது, முழு மயக்கம்தான் என்றார்கள். ஒப்புக்கொண்டேன். அறுவை குறையில்லாமல் முடிந்தது. எலும்பு சரியாகப் பொருந்திவிட்டது. திரும்பி வந்தது யார் என்பதுதான் கேள்வி.

“நீலகண்டன்” என்றாள் சீதா. என்னைப் பார்த்து அல்ல. அறைக் கதவைப் பார்த்து.

“சீதா, நான் இங்கே இருக்கேன்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். வீட்டுக்கு வந்த அந்நியரிடம் காட்டும் மரியாதையோடு, “உக்காருங்கோ சார். அவன் வந்துடுவான்” என்றாள்.

அவன்! கல்யாணத்துக்குப் பின் என்னை அவள் ஒருமையில் சொல்லிக் கேட்டதே இல்லை.

பகல் முழுக்க மழை. அறையில் விளக்குப் போட்டும் இருட்டாகவே இருந்தது. அவள் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். “நீலகண்டா, உள்ள வாயேன்” என்பாள். பிறகு என்னிடம் தணிந்த குரலில், “வாசல்லயே நிக்கறான். நீங்க அந்த நாற்காலியில உக்காந்திருக்கேள். எப்படி வருவான்?” என்பாள்.

ஒருநாள் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தேன். சீதாவின் முகம் மலர்ந்தது. காலி நாற்காலியைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். போர்வையை ஒதுக்கிக் கையை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். அப்போது சிஸ்டர் சலைன் மாற்ற வந்தாள். நேரே கட்டிலிடம் போகாமல், உட்கார்ந்திருப்பவரின் முழங்காலை இடிக்காமல் ஒதுங்கிப் போவதைப்போல நாற்காலியைச் சுற்றிப் போனாள். “ஏன் சுத்திப் போனே?” என்றேன். “ஞானோ?” என்று, நானா என்பதுபோல விழித்தாள். நான் அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரவில்லை. படித்தவன், பகுத்தறிவு உள்ளவன். ஆனாலும் சுவரோரம் நின்றுகொண்டேன்.

மயக்க மருந்து கொடுத்த அந்த டாக்டரைப் பிடித்தேன். “மயக்க மருந்து மூளைச் செல்லைக் கொன்னுடுத்தா?”

“அங்ஙனெ நேரா சொல்ல முடியாது அங்கிள். இது டெலிரியம், புத்திக் குழப்பம். வயசானவங்களுக்கு சர்ஜரி கழிஞ்சா வரும்.”

பொறுமையாக விளக்கினாள். மூளையின் செல்கள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. மயக்க மருந்து அந்தப் பேச்சை அடக்கி வைக்கிறது. மருந்து வெளியேறியதும் பேச்சு பழையபடி தொடங்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சில மருந்துகள் செல்களுக்கும் விலங்குக் குட்டிகளுக்கும் கேடு செய்வதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வயதான மனிதர்களிடம் இந்தக் குழப்பம் மருந்தால் வருகிறதா, அறுவையால் உடம்பில் எழும் அழற்சியாலா, வலியாலா, தூக்கம் கெட்டதாலா என்று பிரித்துச் சொல்ல இன்னும் முடியவில்லை. பெரும்பாலோர் தெளிந்துவிடுவார்கள். சிலர் முழுதாகத் திரும்புவதில்லை.

“சீதா எதுல சேர்த்தி?”

“நோக்காம் அங்கிள்.”

பார்க்கலாம். என் மேஜைக்கு முன்னால் நின்ற எத்தனையோ பேருக்கு நான் சொல்லி அனுப்பிய அதே பதில்.

டாக்டர் சொன்னதையெல்லாம் செய்தேன். சீதாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டேன். கண்ணில் படும்படி கடிகாரம் வைத்தேன். திரையைத் திறந்து, ஓயாமல் பேச்சுக் கொடுத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. டாக்டர் தினமும் காலையில் வந்து கேட்பாள். “இது எந்த இடம்?” சீதா, “அம்பாசமுத்திரம்” என்பாள். அவள் பிறந்த ஊர். “என்ன மாசம்?” “தை.” “ஹஸ்பண்ட் பேரு?” “நீலகண்டன்” என்று கதவைப் பார்த்துக் கணீரென்று சொல்வாள்.

“பேரு கரெக்டா சொல்லுன்னு! நல்ல சைனாணு அங்கிள்.” நல்ல அறிகுறியாம்.

ஒரு பெண் புருஷன் பெயரைச் சரியாகச் சொல்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது என்று எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது?

ஒரு மத்தியானம் தாங்க முடியாமல் எழுந்து பழவங்காடிக்குப் போனேன். சீதா வெள்ளிக்கிழமை தவறாமல் போகும் பிள்ளையார் கோயில். நானும் கூடவே போவேன், வாசல்வரை. அவளுடைய செருப்பைக் காவல் காத்ததே என் பக்தி. அன்று என் செருப்புக்குக் காவல் இல்லை. ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு உள்ளே போய் நின்றேன். ஆயிரம் மனுக்களைத் திருத்தியவனுக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை. கடைசியில் வந்தது இதுதான். “பிள்ளையாரே, என் பெயர் அவள் வாயில் வராமல் பண்ணு.”

உலகத்தில் யாரும் இப்படி ஒரு வேண்டுதல் வைத்திருக்கமாட்டார்கள். தேங்காயை ஓங்கி எறிந்தேன். ஒரே அடியில் சிதறியது. அழுதேன். பக்கத்திலிருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

அடுத்த நாள் காலை டாக்டர் வந்தாள். தெரிந்த கேள்வியில் தொடங்கி உற்சாகப்படுத்த நினைத்தாளோ என்னவோ, முதலில் பெயரைக் கேட்டாள்.

“அம்மா, ஹஸ்பண்ட் பேரு சொல்லுங்க.”

சீதா பேசவில்லை.

“பேரு, அம்மா. தினமும் சொல்லுவீங்களே?”

சீதா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரின் முகம் வாடியது. “ஐயோ, அதும் போயோ” என்று சிஸ்டரிடம் மெதுவாகச் சொல்லி, ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றாள். எனக்குப் பயம் வரவில்லை. சீதா கதவைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

“ஏன்னா, இந்தப் பொண்ணு என்னமோ கேக்கறாளே. நீங்களே சொல்லுங்கோளேன்.”

நான் வாயைத் திறந்தேன். என் பெயர் எனக்கே வரவில்லை. டாக்டர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். யாருக்கு ஸ்கேன் எடுப்பது என்று யோசித்திருப்பாள். நான் அழுதுகொண்டே எங்கள் வழக்கத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு மாசத்தைக் கேட்டாள். “கர்க்கடகமாக்கும். மழை கொட்றது தெரியலையா?” என்றாள் சீதா. பிறகு என்னிடம், “நாற்காலி காலியாத்தானே இருக்கு? எதுக்கு நின்னுண்டிருக்கேள்?” என்றாள்.

உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் தானாகவே சொன்னாள். “கதவுகிட்ட ஒருத்தர் நின்னார். உங்க முகம்தான். ஆனா கண் இமைக்கவே இல்லை.”

“பயந்தியா?”

“அவர் காவல் நின்னார். எனக்கென்ன பயம்? தேங்கா உடையற சத்தம் கேட்டுதே, அப்போதான் போனார்.”

நான் கோயிலுக்குப் போனதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பழவங்காடிக்கு ஆட்டோவில்தான் போக வேண்டும், சத்தம் கேட்கிற தூரம் இல்லை. தெளியும் நேரம் வந்தது, தெளிந்தது என்று டாக்டர் சொல்வாள். அதையும் நான் மறுக்கவில்லை. அந்த நேரத்தை வரவழைத்தது யார் என்பதில்தான் எனக்குச் சந்தேகம் இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் மயக்கத்திலிருந்து வேறொருவராகக் கண்விழிக்கலாம். டாக்டர் சொல்வதைச் செய்யுங்கள். வீட்டு வழக்கங்களை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவையுங்கள். பக்கத்து நாற்காலியை விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்கு மேல் வேண்டியதைப் பிள்ளையாரிடம் கேளுங்கள். கேட்கத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். என் வேண்டுதலைவிடக் கோணலாக யாரும் கேட்டுவிட முடியாது. அவருக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது நான் உள்ளே போகிறேன். சீதா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று என் செருப்பைக் காக்கிறாள். அங்கே அவளைப் பார்த்தால் நலம் விசாரியுங்கள். இதை எழுதியவர் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொல்லமாட்டாள். பிள்ளையார் அருளால், சொல்லவே மாட்டாள்.