அமுதா அக்கா வெட்டாமல் வைத்த படங்கள்

அமுதா அக்கா போய்விட்டார் என்ற செய்தி நம் தோட்டத்துக் குழுவின் வாட்சாப்பில்தான் வந்தது. நான் நம்பவில்லை. அனுப்பியவர் தலைவர் என்பதால் கூடுதலாகவே நம்பவில்லை. பீடோரில் இருக்கும் அக்காவின் மகளை அழைத்தேன். அந்தப் பிள்ளை அழுததைக் கேட்ட பிறகுதான் நம்பினேன். மாரடைப்பாம்.

ஈப்போவில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. கணினித் திரையில் எது வந்தாலும் அக்கா படம் பிடித்துவிடுவார். முதலாளி விடுப்புக்குச் சரி என்று எழுதினாலும் படம்தான். அவருடைய விசைப்பலகையில் பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானின் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது. "நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லம்பாங்க. அப்ப நீ என்னா செய்வே?" என்று என்னைக் கேட்பார்.

எடுத்த படத்தை வெட்டவும் மாட்டார். வேண்டிய இடத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்களேன் என்றால், வெட்டினால் எதையோ மறைத்தோம் என்பார்கள் என்று முறைப்பார். முழுத் திரையும் அப்படியே இருக்க வேண்டும்.

நம் தோட்டத்தை வாங்கிய நிறுவனம், அங்கே வேலை செய்த எல்லாக் குடும்பங்களுக்கும் வீடு என்று தன் இணையப் பக்கத்தில் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். சில மாதங்களில் அது, இன்னும் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று சத்தமில்லாமல் மாறியது. பிழைப்புக்காக ஈப்போவுக்கும் கோப்பெங்குக்கும் வந்த நாமெல்லாம் வெளியே. கூட்டத்தில் நிறுவனத்து அதிகாரி, முதலிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று சாதித்தார். அக்கா தன் பழைய படத்தைச் சுவரில் போட்டுக் காட்டினார். அதன் ஓரத்தில், உடம்பு இளைக்கக் குடிக்கும் தேத்தண்ணி விளம்பரம் பளிச்சென்று தெரிந்தது. சபையே சிரித்தது. அதை வெட்டிவிடச் சொல்லித் தலைவர் முன்பே கெஞ்சியிருந்தார்.

இதெல்லாம் கணினியில் ஒட்டுவேலை செய்தது என்றார் அதிகாரி. அக்கா எழுந்தார். "பொய்யா செய்யுறவ இந்தக் கருமத்த விட்டு வைப்பாளா? மொதல்ல இதத்தான்லா அழிப்பா." அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நிறுவனத்தின்மேல் நாம் போட்ட வழக்கு விசாரணைவரை போனது அந்த ஒரு படத்தால்தான்.

இழவு வீட்டுக்கு அதே அதிகாரி மலர்வளையத்தோடு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்பதுபோல், "அக்கா கம்ப்யூட்டர் வீட்டுலதான் இருக்கா?" என்றார். மூலப் படங்கள் வீட்டுக் கணினியில் மட்டுமே இருக்கின்றன என்று அக்கா சொன்னது நம் குழுக் கூட்டத்தில். அங்கே இருந்தது நாம் மட்டும்தான். பழுது பார்க்கக் கொடுத்தாகிவிட்டது என்று வாய்கூசாமல் பொய் சொன்னேன். அன்று மாலையே மகளும் நானும் அதைக் காரில் ஏற்றிவிட்டோம்.

அஞ்சலி எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். இதைப் படிக்கும் உங்களில் ஒருவர்தான் அதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். தலைவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கணினி எங்கே என்று என்னிடம் கேட்காதீர்கள். விசாரணைக்கு நானே கொண்டுவருவேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய சந்தேகத்தைத்தான். அவருக்காக இன்னும் நான் வாய்விட்டு அழவில்லை. அழுதால் யார் தோளிலாவது சாய வேண்டும். உங்களில் யார் தோளில் சாய்வது என்று எனக்குத் தெரியவில்லை.