ரோமாபுரிச் சிவப்பு

என் அப்பா ஞானப்பிரகாசம் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பெரிய பொய்தான் சொன்னார். அதைக் கோயிலில், பூசை நேரத்தில், எனக்காகச் சொன்னார்.

ஆண்டிமடத்துப் பக்கம் எங்கள் ஊரில் அவர் கொத்தனார். சண்டைக்கு ஆள் எடுத்தபோது பட்டாளத்தில் சேர்ந்து இத்தாலிக்குப் போனார். பாலம் கட்டினார், குண்டு வெடித்ததில் காது மந்தமானது, நாற்பத்தாறில் திரும்பி வந்தார். பாப்பரசரைப் பார்த்தீங்களா என்றுதான் ஊரில் எல்லோரும் கேட்டார்கள். அப்பா சுவர்களைப் பற்றிப் பேசினார். கொத்தனார் வேறு எதைப் பார்ப்பார்?

எரிமலைச் சாம்பலுக்கு அடியில் கிடந்த பழைய ரோமாபுரிக்காரர்களின் ஊர் ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்களாம். பொம்பெய் என்று பெயர். லீவு நாளில் பட்டாளத்து லாரியில் அங்கே போயிருக்கிறார். தெருவைப் பார்த்த சுவர்களில் கீழே இடுப்பு உயரத்துக்கு நல்ல சிவப்பு, மேலே வெள்ளை. கடை வாசலில் மஞ்சள், நீலம், சாமி படம். தூணுக்குக்கூட அடியில் சிவப்பு. பூச்சு ஈரமாக இருக்கும்போதே வர்ணத்தை ஏற்றியிருக்கிறார்கள், தேய்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை என்று சொல்லித் தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அந்த விரலை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

நாற்பத்தொன்பதில், செபஸ்தியார் திருவிழாவுக்கு முன்னால், எங்கள் வேதக்கோயில் முன்சுவரைப் பூசும் வேலை அப்பாவுக்கு வந்தது. பங்குச் சாமியார் கும்பகோணம் போயிருந்தார். ரோமாபுரியில் இருக்கிற மாதிரியே செய்து தருகிறேன் என்று, சாமியார் இல்லாதபோது கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சவரிமுத்துவிடம் அப்பா சொன்னார். ரோமாபுரி என்று கேட்டதும் உபதேசியார் தலையை ஆட்டிவிட்டார். காவிக்கல்லை அரைத்து, பூச்சு காயும் முன்பே ஏற்றி, கீழே சிவப்பும் மேலே வெள்ளையுமாக ஐந்து நாளில் முடித்தார் அப்பா. தள்ளி நின்று பார்த்து அன்று அவர் சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

எங்கள் சீமையில் காவியும் வெள்ளையும் எந்தச் சுவரில் இருக்கும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தோன்றவில்லை. அவர் கண்ணில் பொம்பெய்தான் நின்றது. உச்சிச் சிலுவையையும் வர்ணம் பூச இறக்கி வைத்திருந்தார். சாமியார் திரும்பி வந்த காலையில், செந்துறையிலிருந்து விறகு ஏற்றி வந்த அய்யம்பெருமாள் வண்டியை நிறுத்தி, தலைத்துண்டை அவிழ்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, இது எந்த அம்மன் கோயில் என்று கேட்டார். அவர் கேட்டது சாமியாரிடமே.

சாமியார் அப்பாவைக் கூப்பிட்டு ஒரு தடிப் புத்தகத்தை விரித்தார். ரோமாபுரிக் கட்டடங்களின் போட்டோக்கள், பக்கத்துக்குப் பக்கம் வெள்ளை வெளேரென்று. இதில் சிவப்பு எங்கே என்றார். அப்பா நிதானமாகப் புரட்டிப் பார்த்தார்.

"இந்தப் போட்டோவுல வானமுந்தான் வெள்ளையா இருக்கு சாமி."

உள்ளதைச் சொன்னதற்கு வாய்த்துடுக்கு என்று பெயர் வந்தது.

எனக்கு வரதராசன்பேட்டையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்தால்தான் எங்களுக்குக் கல்யாணம். சுவரைக் கொத்தி எடுத்து வெள்ளையடிக்க வேண்டும், ரோமாபுரிச் சுவர் வெள்ளைதான் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், அதுவரை ஓலை கிடையாது என்றார் சாமியார். தவக்காலம் வந்தால் நாற்பது நாள் கல்யாணம் கிடையாது; அதற்கு முன்னால் முடியாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பினார்கள். வேண்டாம்ப்பா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் வேண்டியிருந்தது.

ஈரத்தில் ஏறிய சிவப்பு லேசில் வரவில்லை. மூன்று நாள் உளி வைத்துக் கொத்தினார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எழுந்து நின்று, சொல்லச் சொன்னதைச் சொன்னார். அன்றே முதல் ஓலை வாசித்தார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பாவசங்கீர்த்தனம். கூண்டுக்குள் இருக்கும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்க வேண்டும். அப்பாவுக்குப் பின்னால் நான் முழங்காலில் இருந்தேன். காது மந்தமானவருக்கு மெல்லப் பேச வராது. வரிசை முழுக்கக் கேட்டது.

"பொய் சொன்னேன் சாமி. கோயில்லயே சொன்னேன். ரோமாபுரி செவுரு வெள்ளைன்னு சொன்னேன்."

சாமியார், அப்பா காதுக்கு எட்ட வேண்டுமென்று நினைத்தாரோ என்னவோ, எங்களுக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"அது பாவமில்ல. வேற பாவம் இருந்தா சொல்லு."

அப்பா எழுந்து போய்விட்டார்.

மறுநாள் என் கல்யாணப் பூசையில் ஊரே சாமியார் கையால் நற்கருணை அப்பம் வாங்கியது. பெண்ணைப் பெற்றவர் மட்டும் பின்னால் சுவரோரம் நின்றார். பாவத்தை வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கக் கூடாது என்பது சின்ன வயதிலிருந்தே அவருக்குத் தெரியும். அந்தப் பாவத்தைக் கேட்டு மன்னிக்கத்தான் ஆள் இல்லை. சாகும்வரை அவர் வாங்கவே இல்லை.

நான் அன்றைக்கு வாங்கினேன். ஒவ்வொரு ஞாயிறும் வாங்குகிறேன்.