ரத்தாகாத கச்சேரி

தொண்ணூறுகளின் கடைசியில் நான் திண்டிவனத்தில் கல்லூரியில் படித்தேன். எனக்கு ராக் பாட்டைப் பழக்கியவன் என் நண்பன், கோலியனூர் சேகர். விழுப்புரத்தில் பைக் மெக்கானிக். அவன் மாமா குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்தார். அவர் கொண்டுவரும் கேசட்டுகளை எனக்கும் பதிவு செய்து தருவான். இங்கிலீஷ் வார்த்தைகளைக் கன்னாபின்னாவென்று உடைத்து, கண்ணை மூடிக்கொண்டு உரக்கப் பாடுவான்.

சென்னையில் ஒரு ராக் கச்சேரி என்று தெரிந்ததும் சேர்ந்து போவதாக முடிவு செய்தோம். அந்தக் குழுவின் பாட்டுகளை ஒரு மாதம் எனக்குப் போட்டுக் காட்டினான். அதற்குள் கல்லூரி நண்பர்களும் கூப்பிட்டார்கள். அவர்கள் நடுவே சேகர் பாடுவதை நினைத்தாலே கூச்சமாக இருந்தது. கச்சேரி ரத்தாகிவிட்டது என்று அவனிடம் பொய் சொன்னேன்.

"விட்றா, அடுத்த வருசம் போலாம். இதுக்குப் போயி மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு..." என்று என்னையே தேற்றினான்.

நான் போய் வந்தேன். நாலு நாள் கழித்து, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் சேகரோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது கல்லூரி நண்பன் ஒருவன் வந்தான்.

"மச்சி, சனிக்கிழமை கச்சேரி செம இல்ல?" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

சேகர் திட்டுவான் என்று காத்திருந்தேன். "கடைசியா என்னா பாட்டு பாடுனாங்க?" என்று மட்டும் கேட்டான். சொன்னேன். "நல்ல பாட்டு" என்று டம்ளரை வைத்துவிட்டு நடந்தான்.

சில மாதம் கழித்து, சமாதானம் பேசலாம் என்று அவன் கடைக்குப் போனேன்.

"வாங்க சார், வண்டிக்கு என்னா?" என்றான்.

அன்று அவன் என்னை அடித்திருந்தால் இத்தனை வருடத்தில் மறந்திருப்பேன்.