அகத்திப்பூவும் இரத்தக் குளிசையும்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குளிர் ஊரான வின்டர்தூரில், எங்கள் பல்கனித் தொட்டியில் அகத்தி பூக்கும் என்று நான் கொஞ்சமும் நம்பவில்லை. குளிர் தொடங்கினால் வீட்டுக்குள் இழுப்பதும் வெயில் வந்தால் வெளியே தள்ளுவதுமாக என் கணவர் அதோடு மல்லுக்கட்டுவார். "பிள்ளையளைக்கூட நீங்கள் இப்பிடி வளக்கேல்லை" என்று நக்கலடித்திருக்கிறேன். போன கோடையில் அது வெள்ளைவெளேரென்று பூத்து என் வாயை அடைத்தது.

ஆனால் அந்த வருடம்தான் இவருக்கு இருதய வால்வு மாற்றியிருந்தார்கள். இரத்தம் கட்டிப்போகாமல் இருக்கத் தினமும் ஒரு குளிசை. அகத்தி மருந்தை முறிக்கும் என்பது எங்கள் சனத்தில் யாருக்குத்தான் தெரியாது? குளிசையும் அகத்தியும் ஒன்றாக உள்ளே போகக்கூடாது, பூவில் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"இலைதானே முறிக்கும் எண்டு சொல்லுறவை? பூவும் முறிக்கும் எண்டு ஆர் சொன்னது?"

அட, நியாயமான கேள்வி! இவரைவிட எனக்குத்தான் அதை அறியாமல் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் அடித்தேன். "பூவோ காயோ, அகத்தி அகத்திதான்" என்றாள். ஷாஃப்ஹவுசனில் இருக்கும் மச்சாள், "பூ குளிர்ச்சியெல்லோ, பயப்பிடாதையுங்கோ" என்றாள். கடைசியில் ஒரு பூவைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து டொக்டரிடமே கொண்டுபோனேன்.

டொக்டர் அதை முகர்ந்து பார்த்தார். நடுவில் இருக்கும் தண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் சமைப்போம் என்றதும், ஏன் என்று கேட்டார். கசக்கும் என்றேன். கணினியில் தேடியும் அவருக்குத் திருத்தமான பதில் அகப்படவில்லை. கொஞ்சமாகச் சாப்பிடட்டும், வெள்ளிக்கிழமை இரத்தத்தைச் சோதிப்போம் என்றார்.

துருவின தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு வறை வறுத்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"எப்பிடியப்பா?"

"கதை குடுக்காதையும். சாப்பிட விடும்."

அந்தக் கிழமை முழுக்கப் பூத்ததெல்லாம் சட்டிக்குத்தான் போனது.

வெள்ளிக்கிழமை சோதனை முடிவைப் பார்த்த டொக்டரின் முகம் மாறியது. இரத்தம் தடித்துவிட்டதாம், வால்வில் கட்டிபட்டால் கைகால் இழுத்துப் பாரிசவாதம்கூட வருமாம். "நான் சொன்னனான் எல்லோ! பூவும் முறிக்கும்!" என்று அங்கேயே தமிழில் கத்தினேன்.

டொக்டர் என்னை விட்டுவிட்டு இவரிடம் கேட்டார், குளிசையை ஒழுங்காகப் போட்டீர்களா என்று. இவர் கூரை முகட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"பூ சாப்பிட்ட நாளிலை போடேல்லை. ரெண்டும் ஒண்டா உள்ளுக்கை போகக்கூடாது எண்டு நீர்தானே சொன்னனீர். பூ முடிய, குளிசையைத் தொடங்கலாம் எண்டு விட்டிட்டன்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. இரத்தத்தை இளக்கத் தாதி ஊசியோடு வந்தார். இவர் என்ன சொல்கிறார் என்று டொக்டர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்: கலியாணம் கட்டின நாளிலிருந்து இந்த மனுசன் என் சொல் கேட்டது இந்த ஒருமுறைதான்.