விசிலக்கா மறித்த சாலை

எங்கள் ரூட் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவர் விசிலக்கா. படியில் தொங்குகிறவர்களைக் காதைத் திருகாத குறையாகத் திட்டுவார். ஆனால் ஒருவரையும் வேலைக்கு லேட்டாக விட்டதில்லை. ஓய்வு பெற்றபோது விசிலைத் திருப்பிக் கேட்டார்களாம். தொலைந்துவிட்டது என்று கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் நடுரோட்டில் உட்கார்ந்து எங்கள் பஸ்ஸையே மறித்தார். ஊர்க்கோடியில் லாரி லாரியாகக் குப்பையைக் கொட்டி எரிக்கிறார்கள். அந்தப் புகையில் அக்காவின் நுரையீரல் பாதி போய்விட்டது. வேறு ஊருக்குப் போய்விடச் சொன்னார் டாக்டர். அக்காவோ, எரிப்பதை நிறுத்தும்வரை நகர மாட்டேன் என்று பத்துப் பேரோடு உட்கார்ந்துவிட்டார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. எங்கள் மருந்து கம்பெனியில் எட்டு மணிக்கு மேல் கேட்டைத் திறக்க மாட்டார்கள். ஜன்னலில் தலையை நீட்டி, "வேலவெட்டி இல்லாதவங்க எங்க உயிர ஏன் வாங்குறீங்க?" என்று கத்தினேன். பஸ்ஸே கைதட்டியது. அக்கா என்னைப் பார்த்தார். அந்த முகம் இன்னும் என்னை உறுத்துகிறது.

மறுநாள் கதையே வேறு. எந்த பஸ் எப்போது வரும் என்பது அக்காவுக்குத் தலைகீழ்ப் பாடமாயிற்றே. வளைவில் பஸ் தெரிந்ததும் நீளமாக ஒரு விசில். எல்லோரும் எழுந்து ஓரமாக நிற்பார்கள். பஸ் போனதும் மறுபடி உட்கார்வார்கள். குப்பை லாரிக்கு மட்டும் விசில் கிடையாது. தினமும் அதைப் பார்த்துப் பார்த்து பஸ்ஸுக்குள் பேச்சு மாறியது. கண் எரிச்சலைப் பற்றி ஒருவர் ஆரம்பித்தார். என் பிள்ளையின் இருமலை நானும் சொன்னேன். முதல் நாள் ஹாரனிலிருந்து கையை எடுக்காத டிரைவர், அக்காவுக்கு வணக்கம் வைக்க ஆரம்பித்தார். திட்டுகிறவர்கள் இரண்டு பேர் திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பதினேழாம் நாள் அக்காவின் விசில் பாதியிலேயே இருமலாகிப்போனது. எதிரே போலீஸ் வேன் நின்றது. பத்துப் பேரை அள்ளிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? வழி விட்டும் டிரைவர் வண்டியை எடுக்கவில்லை, இன்ஜினை அணைத்தார். நான் இறங்கினேன். பின்னாலேயே முக்கால்வாசி பஸ் இறங்கியது.

"மணி ஏழே முக்கால். கேட்ட மூடிருவாங்க, ஏறும்மா," என்றார் அக்கா. என் கம்பெனி நேரம்கூட அவருக்கு மறக்கவில்லை.

"மூடட்டும்க்கா," என்று சொல்லிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தேன்.

அக்காவின் கண் கலங்கியது. சட்டென்று துடைத்துக்கொண்டு, ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"உள்ள தள்ளி உக்காருங்கப்பா, வர்றவங்களுக்கு எடம் விடுங்க."