சகாயமேரியைக் கேட்டு வாங்கினோம்

அந்தச் சனிக்கிழமை நான் சங்கராபுரத்தில் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். போனின் சத்தத்தை அணைத்துப் பைக்குள் போட்டிருந்தேன். தேநீர் இடைவேளையில் எடுத்துப் பார்த்தால் எங்கள் தலைமையாசிரியர் ஐந்து முறை கூப்பிட்டிருக்கிறார். திருப்பி அழைத்தேன்.

"சகாயமேரி போயிட்டாங்க டீச்சர். காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்காங்க. ஆட்டோவுல கள்ளக்குறிச்சிக்கு இட்டுக்கினு போயிருக்காங்க. போற வழியிலேயே முடிஞ்சிடுச்சி" என்றார்.

எனக்கு உடனே அழுகை வரவில்லை. முந்தின நாள் மதியம்தான் சமையல்கூடத்து வாசலில் நின்று, என் தங்கைக்கு வாங்க வேண்டிய மிக்சியைப் பற்றி அவரிடம் பேசியிருந்தேன். "திங்கக்கெழமை சொல்றேன், விசாரிக்கணும்" என்று சொல்லியிருந்தார். அந்தத் திங்கட்கிழமை வராது என்பதை என்னால் பிடித்துக்கொள்ள முடியவில்லை. கையிலிருந்த தேநீர் ஆறும்வரை வராந்தாவில் நின்றிருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சகாயமேரி எங்கள் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். அரிசி, பருப்பு, முட்டை இவற்றை வாங்கி வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பதிவேட்டை எழுதி முடிப்பது அவர் வேலை. பதிவேட்டில் ஏறாத வேலை ஒன்றும் அவருக்கு இருந்தது. மின்விசிறியோ செல்போனோ, எங்களில் யார் எதை வாங்குவதானாலும் முதலில் அவரிடம்தான் போவோம். இதைப் படிக்கிற பழைய ஆசிரியர்கள் பலர் வீட்டில், அவர் பார்த்துச் சொன்ன பொருள் ஒன்றாவது இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் எல்லோரையும்விடக் குறைந்த சம்பளம் வாங்கியவர் அவர். எங்கள் சம்பளத்தை எப்படிச் செலவு செய்வதென்று அவரைக் கேட்டோம். இதிலுள்ள விந்தை இப்போது எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டேன். கல்யாணமான புதிதில் தெருவில் வேன் வைத்து விற்றவர்களிடம் ஒரு கிரைண்டர் வாங்கினாராம். கடையில் விற்பதைவிடப் பாதி விலை. மூன்றாம் மாதமே மோட்டார் கருகிப் புகை வந்தது. ரசீதில் இருந்த கடைப் பெயரைத் தேடி விழுப்புரம் வரை போயிருக்கிறார். அப்படி ஒரு கடையே அங்கே இல்லை.

"வாங்கும்போது நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன் டீச்சர், கம்மி பண்ணுவீங்களான்னு. கேக்க வேண்டியது பத்து இருந்துச்சி. திரும்பி வரும்போது பஸ்ஸுல உக்காந்துக்கினு அந்தப் பத்தையும் ஒவ்வொண்ணா நெனச்சிப் பாத்தேன்" என்றார்.

எனக்கு அவர் போன் வாங்கித் தந்த நாளைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் வருகையைச் செயலியில் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்த புதிது. என் பழைய போன் தினமும் காலையில் திணறும், வகுப்பே காத்துக்கொண்டிருக்கும். ஆடித் தள்ளுபடி நேரத்தில் இருவரும் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினோம்.

"அட்டென்டென்ஸ் போடறத வுடுங்க. உங்களுக்குப் போன்ல இன்னா புடிக்கும்?" என்று வழியில் கேட்டார்.

பிள்ளைகள் வரையும் படங்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளப் பிடிக்கும் என்றேன். யாரிடமும் சொல்லியிராத விஷயம் அது. "அப்ப கேமராவ நல்லாப் பாத்துக்கலாம்" என்று தலையாட்டினார்.

கடையில் விற்பனைக்கு நின்ற இளைஞர் ஒரு போனை நீட்டி, மெகாபிக்சல், ஜிபி என்று எண்களாக அடுக்கினார். சகாயமேரி குறுக்கிடாமல் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு அவர் முறை வந்தது. "ரிப்பேர்னா கள்ளக்குறிச்சியிலேயே பாப்பாங்களா, வெளியூரு போவணுமா? எத்தினி வருசத்துக்கு அப்டேட் வரும்? பேட்டரிய மாத்த முடியுமா?" இளைஞர் இரண்டுக்குப் பதில் சொன்னார், மூன்றாவதற்கு முதலாளியிடம் போய்க் கேட்டு வந்தார். அடுத்து சகாயமேரி போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "வா தம்பி, வெயில்ல நின்னு பாக்கலாம்" என்று தெருவுக்கே இறங்கிவிட்டார். கடைக்குள் பளபளத்த திரையில், வெயிலில் எங்கள் முகம்தான் தெரிந்தது.

"நீ எந்த போனு வெச்சிக்கினு இருக்கே?" என்று கேட்டார்.

இளைஞர் சிரித்துவிட்டார். "அது வேற கம்பெனிங்கக்கா."

"பரவால்ல, காட்டு."

ஓரத்தில் கீறல் விழுந்த போன் ஒன்றை அவர் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். மூன்று வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை என்றார். அதே வரிசையின் புதிய மாடல், கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டில், முழங்காலுக்கும் கீழே இருந்தது. விலையும் குறைவு. வெயிலில் வைத்துப் பார்த்தோம், படம் எடுத்துப் பார்த்தோம், வாங்கினோம். இன்ஷூரன்ஸ், இயர்போன் என்று சேர்த்துக் கட்ட வந்தவற்றை எல்லாம் அவர் ஒதுக்கிவிட்டு, உறையை மட்டும் எடுத்துக்கொண்டார். இந்தக் கட்டுரையை அந்தப் போனில்தான் எழுதுகிறேன்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் சகாயமேரி தவறே செய்யாதவர் என்று ஆகிவிடும். அவர் அதை விரும்பமாட்டார். ஒரு தவறு செய்தார். நானும் கூட இருந்தேன்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரிலிருந்து சடையன் என்பவர் வருவார். அவர் இளைய மகள் விடுதியில் தங்கி எங்கள் பள்ளியில் படித்தாள். மரவள்ளிக்கிழங்கு விற்ற கையோடு ஒருநாள் வந்து, போன் வாங்க வேண்டும், எது நல்லதென்று தெரியவில்லை என்றார். நான் அவரைச் சகாயமேரியிடம் கூட்டிப்போனேன்.

"ஊர்ல டவர் இருக்குதுங்களா?" என்று கேட்டார் சகாயமேரி.

"பாறை மேல ஏறுனா கெடைக்குங்க."

"கரண்ட்டு?"

"காத்தடிச்சா போயிடுங்க."

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. பட்டன் போன். ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒரு வாரம் நிற்கும், கீழே விழுந்தாலும் உடையாது, விலையும் கம்மி. கடையில் சடையனின் கண் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பெரிய போன்கள்மேல் ஒருமுறை போய்த் திரும்பியது. நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க சொன்னா சரிங்க" என்றார் அவர். ஏழை ஒருவரின் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்த திருப்தியோடு நாங்கள் பஸ் ஏறினோம்.

சில மாதம் கழித்துப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தார். போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். எப்படி இருக்கிறது என்று சகாயமேரி விசாரித்தார்.

"நல்லா இருக்குதுங்க. கணீர்னு கேக்குது."

"யாருகிட்டங்க ஜாஸ்தி பேசறீங்க?"

"பெரிய பொண்ணுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்குது. கொழந்த பொறந்திருக்குது. போட்டோ அனுப்புதாம், இதுல வரமாட்டேங்குது. கொழந்தைய இன்னும் பாக்கலீங்க. அதுக்குத்தான் போனு வாங்கலாம்னு வந்தேன்."

சகாயமேரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "அன்னைக்கே ஏங்க சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே" என்றார் சடையன். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை சகாயமேரி மலைக்குக் கிளம்பினார். நானும் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து பஸ் ஏறியது. எந்த சிம் அங்கே எடுக்கிறது என்று பார்த்துவிட்டால், பிறகு ஏற்ற போனை வாங்கலாம் என்பது அவர் திட்டம். அவர் போனில் இரண்டு கம்பெனி சிம், என் போனில் ஒன்று.

சடையன் சொன்ன பாறைமேல் மூவரும் ஏறினோம். மூன்றில் ஒன்றுதான் எடுத்தது. சகாயமேரியின் போனில் இருந்தது அது. மகளின் எண்ணைக் கேட்டு வாங்கி, வீடியோவில் கூப்பிட்டு, அவர் கையில் கொடுத்தார். சடையன் பழக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"அப்பா, காதுதான் தெரியுது. மூஞ்சிக்கு நேரா புடி" என்று மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

நேராகப் பிடித்தார். அந்தப் பக்கம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. மகள்தான் பேசிக்கொண்டே இருந்தாள். "தெரியுதாப்பா? தெரியுதா?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டாள். சடையன் தலையை மட்டும் ஆட்டினார். சகாயமேரி வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பேசி முடித்ததும் சடையன் போனைத் திருப்பித் தரவில்லை. முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"இது வாங்கி எத்தினி வருசம் ஆச்சிங்க?"

"ரெண்டு" என்றார் சகாயமேரி.

"பேட்டரி?"

"போன வருசம் மாத்தினதுங்க."

"டவர் எடுக்குது, வெயில்லயும் தெரியுது. நானே பாத்துட்டேன். இதயே குடுத்துடுங்க. வெலைய சொல்லுங்க."

சகாயமேரி திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். சும்மாவே வைத்துக்கொள்ளச் சொன்னார், அவர் ஒப்பவில்லை. இருவரும் ஆளுக்கொரு விலை சொல்லி நடுவில் வந்து நின்றார்கள். பட்டன் போன் இவர் கைக்கு வந்தது. அதன்பிறகு ஒரு வருடம் போல அதைத்தான் சகாயமேரி வைத்திருந்தார். ஏன் என்று பள்ளியில் யாராவது கேட்டால், "கணீர்னு கேக்குதுங்க" என்பார்.

இறங்கி வரும் பஸ்ஸில் சொன்னார். "உங்களுக்கு வாங்கப் போனப்ப இன்னா புடிக்கும்னு கேட்டேன். அவருகிட்ட டவரு, கரண்ட்டு, இத மட்டுந்தான் கேட்டேன். மலையிலேந்து வந்தவருக்கு ஆசன்னு ஒண்ணு இருக்கும்னே எனக்குத் தோணல டீச்சர். எனக்கே தோணலன்னா பாத்துக்கங்க."

அந்த 'எனக்கே' என்ற சொல்லை நான் வெகுநாள் யோசித்தேன். பொருளைக் கையால் தொடுவதற்கு முன்பே "இது உனக்கு எதுக்கு?" என்ற பார்வையைக் கடைகளில் வாங்கியவர் அவர். அதே பார்வை தனக்குள்ளும் புகுந்திருந்ததை அன்று கண்டுகொண்டார்.

கடைசியாக ஃபிரிட்ஜ். மூன்று வருடமாக அவர் ஃபிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தள்ளுபடிக்கும் போவார். கதவுகளைத் திறந்து மூடுவார், மின்சாரச் செலவைக் கேட்பார். "இன்னைக்கு வேணாம் தம்பி. பொறுமையா காட்டுனே, சந்தோசம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். இத்தனை எடுத்துக் காட்டியபின் வாங்காமல் போகிறோமே என்று எனக்குக் கூசும். அவருக்கு அது ஒரு துளியும் கிடையாது.

சென்ற கோடையில் ஒருவழியாக வாங்கினார். போய்ப் பார்த்தேன். சிவப்பு நிறம், கதவு முழுக்க வெள்ளைப் பூக்கள். அதே விலைக்கு இதைவிடப் பெரியது கிடைக்கும் என்று எனக்கே தெரிந்தது. எதற்காக இதை எடுத்தீர்கள் என்றேன்.

"பூ நல்லா இருந்துச்சி" என்றார். வேறு காரணம் எதையும் அவர் சொல்லவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. அவரை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அடக்கத்தன்று அந்தச் சின்ன வீட்டில் பெட்டியை வைக்க இடம் வேண்டுமென்று ஃபிரிட்ஜைச் சமையலறைக்குத் தள்ளியிருந்தார்கள். அவர் மகள் ஜெயராணி வந்தவர்களுக்கு அதிலிருந்து தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். சடையனும் மலையிலிருந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

"அம்மா எல்லாத்துலயும் அவ்ளோ பாக்கும். இத மட்டும் ஏன் டீச்சர் இப்படி வாங்குச்சி?" என்று ஜெயராணி கேட்டாள்.

"புடிச்சிருந்துச்சிம்மா" என்றேன். அவள் அந்தக் கதவைச் சற்றுநேரம் பார்த்தாள். பிறகு அடுத்தவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். கோயில் மணி அடித்தது. பெட்டியைத் தூக்கினார்கள்.

இப்போது பள்ளியில் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது. தெரியாததை விசாரித்துச் சொல்கிறேன். நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது, எதிரே இருப்பவரின் ஆசையை முதலில் கேட்பதும், பதில் வரும்வரை பொறுத்திருப்பதும்தான். நேற்று எங்கள் பள்ளித் தூய்மைப் பணியாளர் வள்ளி வந்து, போன் வாங்க வேண்டும், இருப்பதிலேயே விலை குறைந்தது எது என்று கேட்டார். "அது இருக்கட்டும் வள்ளி. போன்ல உனக்கு இன்னா புடிக்கும்?" என்றேன்.

அவரை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். வெகுநேரம் யோசித்தார். நான் காத்திருந்தேன்.

"பாட்டு கேக்கணும் டீச்சர்" என்றார். "நல்லா சத்தமா."